மண்டையோட்டு அண்ணனுக்கு ஒரு கடிதம்

ஃபிராங்க் காஸில் அண்ணனுக்கு,

போன வாரம் சிக்னலில் என் பக்கத்தில் ஒரு புல்லட் வந்து நின்றது. பெட்ரோல் டேங்கில் உங்கள் மண்டையோடு. நீள நீளப் பற்கள். ஸ்டிக்கரின் ஒரு ஓரம் வெயிலில் சுருண்டிருந்தது. "இது யார் தம்பி?" என்று கேட்டேன். "பனிஷர் சார். தப்பு பண்ணவனத் தேடிப் போய்ப் போடுவாரு" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் 'அமேஸிங் ஸ்பைடர்மேன்' காமிக்ஸின் 129-ஆம் இதழை மறுபடி எடுத்தேன். 1974 பிப்ரவரி இதழ். நீங்கள் பனிஷராக முதன்முதலாகத் தலைகாட்டியது அதில்தான். அட்டையிலேயே துப்பாக்கியின் குறிவட்டத்துக்குள் ஒருவன் மாட்டியிருக்கிறான். யார்? ஸ்பைடர்மேன்! தன் எதிரி நார்மன் ஆஸ்பர்னைக் கொன்றது அவன்தான் என்று ஜாக்கால் என்கிற வில்லன் சொல்ல, அதை அப்படியே நம்பிக் கிளம்பிவிட்டீர்கள். பச்சை உடம்பும் கூர்நகமுமாக ஒருத்தன் வந்து கோள் சொன்னால், கொஞ்சம் விசாரிக்க வேண்டாமா? ஆஸ்பர்ன் செத்தது, தான் ஏறிப் பறக்கிற கிளைடரே தன் மேல் பாய்ந்ததால். 122-ஆம் இதழ் படித்த சின்னப் பையனுக்குக்கூட அது தெரியும்.

ஆக, உங்கள் முதல் கேஸே தப்பு கேஸ். ஆபத்தை முன்கூட்டியே உணர்கிற சக்தி இருந்ததால் அவன் பிழைத்தான். சும்மா ரோட்டில் போகிற ஆளாக இருந்திருந்தால்?

சென்ட்ரல் பார்க்கில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர் நீங்கள். அந்த வலியை நான் லேசாகப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த கதைகளில் எழுத்தாளர்கள் உங்களுக்கு ஒரு சலுகை கொடுத்துவிட்டார்கள். நீங்கள் சுடப்போகிறவன் என்ன அக்கிரமம் செய்தான் என்பதை நாலு கட்டத்துக்கு முன்னாலேயே வரைந்து எங்களுக்குக் காட்டிவிடுகிறார்கள். எங்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. நிஜத் தெருவில் அந்த நாலு கட்டத்தை யார் வரைவது?

உங்களைப் படைத்த ஜெர்ரி கான்வே மார்பில் சின்னதாகத்தான் ஒரு மண்டையோடு போட்டாராம். ஓவியர் ஜான் ரொமிட்டா அதை நெஞ்சு முழுக்கப் பரப்பி, பற்களை இடுப்பு பெல்ட் வரை இறக்கிவிட்டார். அங்கிருந்து அது ராணுவ வீரர்களின் உடுப்புக்குப் போனது, போலீஸ் வண்டிக்குப் போனது, 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் புகுந்த கூட்டத்திலும் தெரிந்தது.

2019-இல் வந்த ஒரு இதழில் நீங்கள் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு போலீஸ்காரர்கள் உங்கள் ரசிகர்கள் என்று பல்லிளித்துக்கொண்டு வண்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார்கள். நீங்கள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, முன்மாதிரி வேண்டுமென்றால் கேப்டன் அமெரிக்காவிடம் போங்கள் என்றீர்கள். 2022-இல் உங்கள் காமிக்ஸ்காரர்கள் சின்னத்தையே மாற்றிப் பார்த்தார்கள். பழைய ஸ்டிக்கர் விற்பனை நின்ற மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அந்தப் புல்லட் தம்பியை மறுபடி பார்த்தால் 129-ஆம் இதழைப் படிக்கக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அட்டையை மட்டும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிடுவானோ என்றுதான் யோசனையாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஸ்பைடர்மேன் கட்சிக்காரன்