எப்போது கிளம்புவது, ரகு?

கோயம்புத்தூர்

அன்புள்ள ரகு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் இருந்ததால் உடனே எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். நேற்று தானாகவே பேப்பர் படித்துவிட்டு, "பம்பாய்க்காரன் எப்படி இருக்கான்?" என்று உன்னை விசாரித்தார். சுமதிக்கு வீட்டுப் பக்கமே டிரான்ஸ்ஃபர் கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் ரொம்பச் சந்தோஷம்.

சரி, வேலையை எப்போது விட்டுவிட்டு முழுநேரமாகப் பங்கு முதலீட்டில் இறங்கலாம் என்று நீ கேட்டதற்கு வருகிறேன். போன வருஷம் உன் பங்குகள் ஏறியது உன் சம்பளத்தைத் தாண்டிவிட்டது, இனி எதற்கு பேங்க் வேலை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. 2007 கடைசியில் நானும் இதே கணக்கைப் போட்டு, ராஜினாமாக் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் என்ற பம்பாய்ப் பங்குச் சந்தைக் குறியீடு, அக்டோபரில் 8,000-க்குக் கீழே போனது. பழைய உச்சத்தைத் தாண்ட 2013 கடைசி ஆகிவிட்டது. அன்று கடிதத்தைக் கொடுத்திருந்தால், அந்த ஆறு வருஷம் வீட்டை எப்படி நடத்தியிருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

நான் வேலையை விட்டு முதலீட்டு ஆலோசகராக ஆனது 2019 அக்டோபரில். ஐந்தே மாதத்தில் கொரோனா வந்தது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்தது. அப்போது என்னிடம் இருந்தது பதினான்கு வாடிக்கையாளர்கள். சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர் போன் செய்துவிட்டார்கள். "இப்போது விற்காதீர்கள்" என்று எல்லோரிடமும் நிதானமாகச் சொல்ல முடிந்தது. மாலதியின் பள்ளிச் சம்பளத்தில் வீடு ஓடியதும், மூன்று வருஷச் செலவுக்கான பணம் எஃப்.டி.யில் கிடந்ததும்தான் அதற்குக் காரணம். மறுநாள் மளிகைக் கடைக்குக் கொடுக்கப் பங்கை விற்க வேண்டியிருந்தால், எனக்கு அந்த நிதானம் வந்திருக்காது. அதனால் சந்தையைப் பார்த்து நாள் குறிக்காதே. பங்குகளில் கை வைக்காமல் மூன்று வருஷம் குடும்பம் நடக்குமா என்று பார். ஹோம் லோன் இ.எம்.ஐ.யையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, உனக்குச் சர்க்கரை இருக்கிறது. பேங்கின் குரூப் இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விடும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் புதுப் பாலிசியில் மூன்று வருஷம் வரை காத்திருக்க வேண்டிவரும். இந்த மாதமே சொந்தமாக ஒன்று எடுத்துவிடு. அந்தக் காலம் நீ வேலையில் இருக்கும்போதே கழியட்டும்.

பி.எம்.எஸ்., அதாவது வாடிக்கையாளர்களின் பங்கு முதலீட்டை நீயே நிர்வகிக்கும் சேவை, ஆரம்பிக்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை, ரகு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி அதற்கு 5 கோடி நிகர மதிப்பு (கடன் போக மிஞ்சும் சொத்து) காட்ட வேண்டும். வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் குறைந்தது 50 லட்சம் போட வேண்டும். பெரிய ஆட்களைத் தெரியும் என்கிறாய். அவர்கள் இன்று உன் போனை எடுப்பதில் பாதி, கார்டில் இருக்கும் பேங்க் பெயருக்காக. அது இல்லாதபோதும் எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று நிதானமாக எண்ணிப் பார். என்னைப் போல முதலீட்டு ஆலோசகராகச் செபியில் பதிவு செய்வது உனக்கு ஒத்துவரும். 150 வாடிக்கையாளர் வரை 1 லட்சம் டெபாசிட் போதும். அதற்கு வேண்டிய, செபியின் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் தேர்வுகள் இரண்டையும் வேலையில் இருந்துகொண்டே எழுதிவிடலாம். ஆனால் வருமானம் மெதுவாகத்தான் வரும். என் பழைய சம்பளத்தை எட்ட எனக்கு நாலு வருஷம் ஆனது.

நீ இந்த வேலைக்குப் பொருத்தமானவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை உன்னைப் போல ஆசையாகப் படிக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால்தான் அவசரப்பட்டு இறங்கி, முதல் சரிவிலேயே திரும்ப வேலை தேடும்படி ஆகிவிடக் கூடாதே என்று பயப்படுகிறேன்.

பங்கு வாங்கும் அன்றே காரணத்தை எழுதி வைப்பாயே, அந்த நோட்டைப் பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நீ எழுதிய காரணம் பலித்ததா, இல்லை எல்லாம் ஏறியபோது அதுவும் ஏறியதா என்று தெரிந்துவிடும். அதே பணத்தை, நிஃப்டி குறியீட்டில் உள்ள பெரிய கம்பெனிகளின் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஒரு நிஃப்டி ஃபண்டில் போட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டு வைக்கிறேன். நீ வாங்கிய தேதிகளை மட்டும் முன்கூட்டி அனுப்பு.

அம்மா உனக்காக அரிசிம்பருப்பு சாதம் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். சுமதியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
சேகர்