பேஷன் ஃப்ரூட் கூழைக் கொதிக்க விடாதே

அன்புள்ள மகளுக்கு,

வாங்கி வைத்த பேஷன் ஃப்ரூட் தோல் சுருங்கிவிட்டது, குப்பையில் போடப்போகிறேன் என்று எழுதியிருந்தாயே, போட்டுவிடாதே. ஊதா நிறப் பழம் சுருங்கிய பிறகுதான் சாப்பிட நன்றாக இருக்கும். கையில் எடுத்துப் பார், கனமாக இருந்தால் உள்ளே சாறு இருக்கிறது. பூஞ்சை பிடித்ததையும் எடையே இல்லாமல் காய்ந்ததையும் மட்டும் ஒதுக்கிவிடு.

குறுக்காக வெட்டி முதலில் ஒரு ஸ்பூன் அப்படியே சாப்பிட்டுப் பார். ஒவ்வொரு கறுப்பு விதையைச் சுற்றியும் ஒரு சின்னச் சாற்றுப்பை இருக்கும். அது உடைந்ததும் நாக்கைச் சுண்டும் புளிப்பு, பின்னாலேயே இனிப்பு, அப்புறம் மூக்கு வரை ஏறும் ஒரு வாசனை. விதையைத் துப்ப வேண்டாம், மொறுமொறுவென்று மென்று விழுங்கலாம். மஞ்சள் தோல் பழம் கிடைத்தால் அது இன்னும் புளிக்கும். அதைச் சாறுக்கு வைத்துக்கொள், ஊதாவை அப்படியே சாப்பிடு.

அந்த வாசனைதான் இந்தப் பழத்தின் உயிர். மிக மிகக் கொஞ்சமாக இருக்கும் சில கந்தகச் சேர்மங்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்றால் நம்புவாயா? சூடு பட்டால் வாசனை பறந்துவிடும். போதாததற்கு, சாற்றில் மாவுச்சத்தும் இருப்பதால் கொதிக்கக் கொதிக்கப் பிசுபிசுத்து அடிப்பிடிக்கும். அதனால் சிரப் செய்வதென்றால் சர்க்கரைப் பாகை மட்டும் காய்ச்சி, இறக்கி, நன்றாக ஆறியபின் கூழைக் கலக்கு. முட்டையும் வெண்ணெயும் சேர்த்து கர்ட் (தயிர் இல்லை, ரொட்டியில் தடவும் கெட்டியான இனிப்பு) கிளறும்போது சூடு இல்லாமல் முடியாது, சரி. அதற்கும் ஒரு கரண்டிக் கூழைத் தனியே எடுத்து வைத்து, ஆறியதும் கலந்துவிடு. அந்த ஒரு கரண்டியில் வாசனை திரும்பி வந்துவிடும்.

விதை வேண்டாமென்றால் மிக்ஸியில் தொடர்ந்து ஓட விடாதே, ஒரு சுற்று சுற்றி உடனே நிறுத்து. விதை அரைபட்டால் சாறு முழுக்கக் கறுப்புத் துகளும் கசப்பும்தான். சல்லடையில் போட்டுக் கரண்டியால் தேய்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி, கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இது தென் அமெரிக்கக் கொடி. பிரேசிலில் இதன் சாற்றைக் கன்டென்ஸ்டு மில்க், க்ரீம் இரண்டோடும் சேர்த்து அடித்து, குளிர வைத்து மூஸ் என்ற மென்மையான இனிப்பு செய்கிறார்கள். பழத்தின் அமிலமே பாலைக் கெட்டியாக்கிவிடும், அடுப்பே வேண்டாம். நீ தொடங்க இதைவிடச் சுலபமானது இல்லை. ஆனால் சாதாரணப் பாலில், அதுவும் சூடான பாலில், ஊற்றிவிடாதே, திரிந்துவிடும்.

இனிப்புக்கு மட்டும்தான் என்றும் நினைக்காதே. எலுமிச்சை பிழியும் இடத்திலெல்லாம் இதை விடலாம். ஆலிவ் எண்ணெய், உப்பு, கீறின பச்சை மிளகாயோடு கலந்து சாலட்டில் ஊற்று. வறுத்த மீன் மேல் பரிமாறும் நேரத்தில் ஒரு ஸ்பூன் விட்டுப் பார், மீனின் எண்ணெய்ப் பிசுக்கு தெரியாது.

மிச்சமிருக்கும் பழங்களை இன்றைக்கே வெட்டி, கூழை ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீஸரில் வை. உறைந்ததும் கட்டிகளை மூடி போட்ட டப்பாவில் மாற்றிவிடு. மூஸ் செய்தால் எப்படி வந்தது என்று எழுது.

அன்புடன்,
அம்மா