உங்கம்மா சொல்வதற்கு முன்னால்

களக்காடு,
தை 12

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் சுகம். பதில் போடாமல் இரண்டு மாதம் இழுத்தடித்ததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஏசு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உங்கம்மா போனில் சொல்வதற்கு முன்னால் இதை நானே சொல்லிவிட வேண்டும்.

குளத்துக்குக் கீழே உங்கள் வயலில் ஐப்பசியில் நட்ட ஏத்தன் வாழை, என் தோட்டத்துக் கன்றுதான். முந்நூறு. கிழங்கு திரட்சியாக, ஈட்டி இலையாகப் பார்த்துப் பார்த்து எடுத்து, டிராக்டரில் ஏற்றி நானே கொண்டுபோய் இறக்கினேன். போன வாரம் உங்கம்மா, "ஏல, இந்த வாழை ஏன் இப்படி முறைச்சிக்கிட்டு நிக்கு?" என்று கேட்டார்கள். போய்ப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒன்று, இலை அகலாமல், ஓரம் மஞ்சளடித்து, விளக்குமாறு மாதிரி செங்குத்தாக நின்றது. இலையைத் திருப்பி வெயிலுக்கு நேரே பிடித்தேன். நடுநரம்பை ஒட்டிக் கரும்பச்சையில் புள்ளியும் கோடும். உங்கப்பா தந்தி ஆபீஸில் மோர்ஸ் தட்டுவாரே, அதை யாரோ இலையில் எழுதி வைத்த மாதிரி இருந்தது. வயிறு கலங்கிவிட்டது.

முடிக்கொத்து நோய். எண்ணினால் பதினொரு வாழை.

ஓடி வந்து என் தோட்டத்தில் பார்த்தால், கன்று பறித்த தாய்வாழை இரண்டில் அதே கோடு. பறித்த அன்றைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது, மக்கா. கறுப்பு அசுவினிப் பூச்சி சாறு உறிஞ்சி வைரஸை ஏற்றிவிட்டுப் போனாலும், அப்புறம் இரண்டு இலையாவது விட்ட பிறகுதான் வெளியே தெரியும். அதற்குள் கிழங்கு வழியாகப் பக்கக்கன்றுக்கெல்லாம் போய்விடுகிறது. அரிவாளைக் கழுவினால் போதும் என்று சுடலை சொல்கிறான். அரிவாளால் இது பரவாது. அசுவினியும் கன்றும்தான். சிறுமலை வாழையும் விருப்பாட்சி வாழையும் மலையில் பெருமளவு அழிந்ததும் இதே நோயால்தான். எனக்குத் தெரியாததில்லை, அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

நீ மிச்சிகனில் புளூபெரிக்கு வரும் ஷூஸ்ட்ரிங் வைரஸ் பற்றி எழுதியிருந்தாய். இலை செருப்பு வார் மாதிரி ஒடுங்கிவிடும், ஆனால் தொற்றி நான்கு வருஷம்கூட வெளியே தெரியாது, அறுவடை இயந்திரம் அசுவினியைச் செடிக்குச் செடி சுமந்துபோகும் என்று. அப்போது "புதருக்கு வைத்தியம் பார்க்கவா கடல் தாண்டிப் போனான்?" என்று நானும் சுடலையும் சிரித்தோம். இப்போது அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். நான்கு வருஷம் தெரியாமல் நின்றால் எந்தச் செடியை வெட்டுவது என்று நீங்கள் எதை வைத்துத் தீர்மானிக்கிறீர்கள்? எழுது.

நோய்க்கு மருந்து கிடையாது. முதலில் அசுவினிக்குப் பூச்சிமருந்து அடித்தேன், இல்லாவிட்டால் வெட்டும்போது அது பக்கத்து வாழைக்கு ஓடிவிடும். அப்புறம் பதினொன்றையும் கிழங்கோடு தோண்டிச் சிறுசிறு துண்டாக நறுக்கிக் காயப் போட்டேன். என் தோட்டத்தில் அந்த இரண்டு தாய்வாழையும் மூட்டோடு போயிற்று. உங்கம்மா ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை, மோர் கொடுத்தார்கள். வெற்றிடத்துக்கு, வைரஸ் சோதித்த திசு வளர்ப்புக் கன்று என் செலவில் வரும். மறுக்காதே. எறும்பு சாரை ஏறுகிற வாழை எது என்று தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன், அசுவினி இருக்கிற இடத்துக்குத்தான் எறும்பு போகும்.

ஒரே ஒரு உதவி. அந்த முந்நூறில் உங்கம்மா பத்துக் கன்றை ஏர்வாடியில் யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள். "கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறதா?" என்று பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நீ கேட்டால் சொல்வார்கள். இன்றைக்கே கூப்பிட்டுக் கேள். வெள்ளிக்கிழமைக்குள் நான் அங்கே போயாக வேண்டும்.

உன்
சங்கரன்