ஸ்ட்ரிங்கா ஃபங்ஷனான்னு கேட்டியே

டேய் மச்சி,

புது டீம்ல சேர்ந்துட்டேன்னு எழுதியிருந்த, சந்தோஷம்டா. ஆனா லெட்டர்ல பாதி அந்த டீமோட புரோகிராம் கோட் மோசம்னு திட்டியே தீர்ந்துடுச்சே! இங்க எல்லாம் பழையபடி தான், என்னை மேனேஜர் ஆக்கப் பாக்கறாங்க, நான் நழுவிட்டு இருக்கேன்.

சரி, டேட்டாபேஸ்ல வேண்டிய ரோவை மட்டும் எடுக்கற ஃபில்டர் எல்லாம் ஸ்ட்ரிங் குவெரியாவே, அதாவது கம்பைலர் கண்டுக்காத வெறும் எழுத்தா இருக்கு, மொத்தத்தையும் டைப் செக் ஆகற மாதிரி லாம்ப்டாவா, அதாவது பேரில்லாத குட்டி ஃபங்ஷனா மாத்திரலாமான்னு கேட்டிருந்த. மாத்து, ஆனா மொத்தத்தையும் மாத்தாத.

மாத்தச் சொல்றதுக்குக் காரணம் உனக்கே தெரியும். ஸ்டேட்டஸ்னு இருக்கற ஃபீல்டை அக்கவுண்ட்ஸ்டேட்டஸ்னு ரீநேம் குடுத்தா லாம்ப்டா எல்லாம் கூடவே மாறிடும், ஸ்ட்ரிங்குக்குள்ள இருக்கறது மட்டும் பழைய பேரோட அப்படியே கெடக்கும், பில்டு ஜம்முனு பாஸ் ஆகும், அந்த ரிப்போர்ட்டுக்கு டெஸ்ட் இல்லன்னா ப்ரொடக்‌ஷன்ல போய் தான் வெடிக்கும். ஆப்பிள் உலகத்துல கூட ஃபில்டர் கண்டிஷனை என்எஸ்பிரெடிகேட்னு ஸ்ட்ரிங்லயே வருஷக்கணக்கா ஓட்டிட்டு 2023ல தான் அவங்க ஸ்விஃப்ட் லாங்க்வேஜ்ல கம்பைலரே செக் பண்ற பிரெடிகேட் மேக்ரோ கொண்டு வந்தாங்க.

ஆனா டைப் செக் ஆயிடுச்சுன்னா எல்லாம் சரின்னு நெனச்சுடாத, நீ சி ஷார்ப்ல இருக்கறதால இதை கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். 2007ல சி ஷார்ப்லயே குவெரி எழுத விடற லிங்க் வந்ததுல இருந்தே ஒரே லாம்ப்டா ரெண்டு விதமா கம்பைல் ஆகும்: ஃபங்க் டைப்பா வாங்கினா அது சாதா ஃபங்ஷன், எக்ஸ்பிரஷன் டைப்பா வாங்கினா அது கண்டிஷனைப் பிரிச்சு அடுக்கி வெச்ச ஒரு மரம், அந்த மரத்தைப் படிச்சு தான் டேட்டாபேஸுக்குப் போற எஸ்க்யூஎல் உருவாகுது. இப்போ உங்க டீம்ல ஒருத்தர் கண்டிஷனை பாராமீட்டரா வாங்கற ஹெல்ப்பர் ஒண்ணு எழுதி அதுல ஃபங்க்னு போட்டுட்டாருன்னு வை, கம்பைலர் மூச்சே விடாது, ரிசல்ட்டும் கரெக்டா தான் வரும், ஆனா டேட்டாபேஸ்ல நடக்க வேண்டிய ஃபில்டர் மெமரில நடக்கும், அதாவது முழு டேபிளும் இழுத்துட்டு வரும். டெவலப்மென்ட் மெஷின்ல நூறு ரோ இருக்கறப்போ எவனுக்கும் தெரியாது.

இன்னொண்ணு, கண்டிஷனுக்குள்ள நம்ம சொந்த மெத்தட் ஒண்ணைக் கூப்பிட்டா டைப் எல்லாம் பொருந்தும், ஆனா அதை எஸ்க்யூஎல்லா மாத்த ஃப்ரேம்வொர்க்குக்குத் தெரியாது. சி ஷார்ப்பை டேட்டாபேஸோட இணைக்கற என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர்ல முன்னாடி எரர் எதுவும் குடுக்காம மெமரில ஓட்டிடும், 2019ல வந்த 3.0ல இருந்து எக்ஸெப்ஷன் தூக்கிப் போடுது. எனக்கு இது தான் பிடிச்சிருக்கு, ஆனா பாரு, இதுவும் ரன்டைம் எரர் தானே!

அதனால ஸ்ட்ரிங்கா ஃபங்ஷனாங்கறதை விட, எப்போ யாரு செக் பண்றாங்கங்கறது தான் எனக்கு முக்கியமா படுது. ரஸ்ட் லாங்க்வேஜ்ல எஸ்க்யூஎல்எக்ஸ்னு ஒரு லைப்ரரி இருக்கு, அதுல நீ எழுதறது அப்பட்டமான எஸ்க்யூஎல் ஸ்ட்ரிங், ஆனா அதோட குவெரி மேக்ரோ கம்பைல் பண்றப்பவே டேட்டாபேஸ்கிட்ட கேட்டு டேபிள், ஃபீல்டு, டைப் எல்லாம் சரிபாத்துடும். ஸ்ட்ரிங்கை அப்படியே காப்பி பண்ணி கன்சோல்ல போட்டு டேட்டாபேஸ் அதை எப்படி ஓட்டுதுங்கற பிளானையும் பாத்துக்கலாம், லாம்ப்டாவை அப்படி நேரா போட முடியாது.

நீ தொடக்கூடாத இடம் யூசரே ஃபில்டர் கட்டற ஸ்க்ரீன். எந்த ஃபீல்டு, எந்த கண்டிஷன்னு ஓடறப்போ தான் தெரியும், அதை லாம்ப்டாவா மாத்தறேன்னு உக்காந்தா எக்ஸ்பிரஷன் மரத்தைக் கையால கட்டணும், ஃபீல்டு பேரு அப்பவும் ஸ்ட்ரிங்கா தான் உள்ள வரும், பாதுகாப்பும் போச்சு படிக்கவும் முடியாது. அங்க வேல்யூ எல்லாத்தையும் ஸ்ட்ரிங்ல ஒட்டாம தனியா பாராமீட்டராவே அனுப்பு. ஃபீல்டு பேரை மட்டும் பாராமீட்டரா அனுப்ப முடியாது, அதனால அனுமதிச்ச பேருங்க லிஸ்ட் ஒண்ணு வெச்சு அதுல இல்லாததை வாசல்லயே திருப்பி அனுப்பிடு, இன்ஜெக்‌ஷன் (வெளி ஆள் தன் எஸ்க்யூஎல்லை நம்ம குவெரிக்குள்ள நுழைக்கறது) இந்த மாதிரி சார்ட் பண்ற ஃபீல்டு வழியாவும் நடக்கலாம்.

உன் பொண்ணு டேட்டாவை அலசற பைதான் லைப்ரரி பாண்டாஸ் கத்துக்கறாளாமே, அதுல குவெரின்னு போட்டு கண்டிஷனை ஸ்ட்ரிங்கா குடுக்கறாள்னு திட்டினியாம். அவளை விடுடா, எழுதின உடனே ஓட்டிப் பாக்கற நோட்புக்குல அது படிக்க சுலபமா தான் இருக்கும்.

மாத்த ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி லாக்ல எஸ்க்யூஎல்லை ஆன் பண்ணி ஒரு ரிப்போர்ட் ஓட்டி அந்த அவுட்புட்டை எனக்கு அனுப்பு, பாத்துட்டு சொல்றேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்