பிளேடை மட்டும் அனுப்புங்கள் என்று கேட்பவர்களுக்கு

வணக்கம்.

கொஞ்ச நாளாகக் கடைக்கு வருகிற வாட்ஸ்அப் செய்திகளில் பாதி ஒரே மாதிரி இருக்கின்றன. "கார்பன் பிளேடு மட்டும் கூரியரில் போட்டுவிடுங்கள், ஃபுட் பாக்கெட் என்னிடம் இருக்கிறது, நானே மாட்டிக்கொள்கிறேன்." (மூச்சை அடக்கிக் கடலில் முங்குகிறவர்கள் காலில் மாட்டும் நீண்ட துடுப்புதான் ஃபின். அதன் நீண்ட தகடு பிளேடு, கால் நுழைகிற ரப்பர் பகுதி ஃபுட் பாக்கெட்.) நாங்களோ பாக்கெட்டையும் அனுப்பச் சொல்கிறோம், முடிந்தால் நேரில் வரச் சொல்கிறோம், மூன்று நாள் ஆகும் என்கிறோம். சிலருக்கு இதில் எரிச்சல். ஒருவர் "ரெண்டு ஸ்க்ரூ முடுக்க மூணு நாளா?" என்று கேட்டே விட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகத்தான் இந்த மடல்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறோம். இனி எங்களிடம் வாங்கும் கார்பன் பிளேடுகளை நாங்களே பாக்கெட்டில் பொருத்திக் கொடுப்போம். அதற்குக் கூலி கிடையாது. கட்டாயம் தனியாகத்தான் வேண்டும் என்பவர்களுக்குத் தனியாகவும் தருவோம், ஆனால் துளை போட்ட பிளேடைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம். வேறு இடத்தில் வாங்கிய பிளேடைக் கொண்டுவந்தாலும் பொருத்தித் தருவோம், அதற்கு ஜோடிக்கு 800 ரூபாய்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், பிளேடு காசு கொடுத்தால் கிடைத்துவிடும். பிளேடும் பாக்கெட்டும் சேருகிற அந்த ஒரு சாண் இடம்தான் ஃபின் நன்றாக ஓடுமா என்பதைத் தீர்மானிக்கிறது. கால் நுழைகிற ரப்பர் பாக்கெட்டின் இரு பக்கமும் இரண்டு நீண்ட ரப்பர் கைகள் பிளேடின் ஓரத்தைக் கவ்விக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். கடையில் அதை நாங்கள் 'நரம்பு' என்போம். நீங்கள் உதைக்கும்போது காலின் பலம் ஒரே இடத்தில் பிளேடின் மேல் விழாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிப் போகச் செய்வது இந்த நரம்புதான். பிளேடு உள்ளே கடைசி வரை போய் உட்காராவிட்டால் வளைகிற பாரம் முழுவதும் ஒரு கோட்டில், பெரும்பாலும் திருகுத் துளையை ஒட்டி, வந்து நிற்கும். பிளாஸ்டிக் பிளேடாக இருந்தால் மடங்கும், வெளுக்கும், முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். கார்பன் அப்படி இல்லை. நேற்று வரை பளபளவென்று இருக்கும், இன்று 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அந்த 'டக்' எங்கே கேட்கும் என்பதுதான் கவலை. மன்னார் வளைகுடாவில் அந்தக் காலத்தில் முத்துக்குளித்தவர்கள் கல்லின் கனத்தில் கீழே இறங்கினார்கள். மேலே வரப் படகில் இருந்தவர் கயிற்றை இழுத்தார். கல் இறக்கியது, கயிறு ஏற்றியது. உங்களுக்கு இரண்டு வேலையையும் அந்தப் பிளேடுதான் செய்ய வேண்டும். அதிலும் ஏறும்போது, மூச்சு குறைந்துகொண்டே வரும் நேரத்தில்.

சரி, வீட்டில் மாட்டினால் என்ன ஆகும்? கடைக்கு வந்த ஒரு ஜோடியைப் பற்றிச் சொல்கிறோம். பிளேடு உள்ளே போக மறுத்ததால் அந்த நண்பர் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார். வழுக்கிக்கொண்டு அழகாகப் போய்விட்டது. கஷ்டம் என்னவென்றால் எண்ணெய் காயாது. நாலாவது டைவில் வலது பிளேடு நரம்பை விட்டு அரை அங்குலம் முன்னால் நகர்ந்திருந்தது, பிடித்துக்கொண்டிருந்தது திருகு ஒன்றுதான். எங்களிடம் கொண்டுவந்தபோது துளை வட்டமாக இல்லை, நெல்மணி மாதிரி நீண்டு கிடந்தது. சுற்றிலும் கார்பன் இழைகள் மீசை மாதிரி பிரிந்திருந்தன. பாக்கெட்டின் பள்ளத்தில் விரலை விட்டால் எண்ணெய்ப் பிசுக்கும் கடற்கரை மணலும் சேர்ந்து உப்புத்தாளாகவே மாறியிருந்தது. நல்ல வேளையாக அவர் நீச்சல் குளத்தில் இருந்தார். பெட்ரோலியம் ஜெல்லி போடுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம், ரப்பரையே ஊதவைத்துவிடும்.

எங்கள் பக்கத் தப்பையும் சொல்லாமல் விடக் கூடாது. ஆரம்பத்தில் நாங்களும் அவசரப்பட்டுச் செய்தோம். ஒரு ஜோடியில் இடது பிளேடு பாக்கெட்டுக்குள் 2 மில்லிமீட்டர் சாய்ந்து உட்கார்ந்ததைக் கவனிக்காமல் துளை போட்டுவிட்டோம். 2 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். உள்ளே இருப்பது ஒரு சாண், வெளியே நீண்டிருப்பது அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நுனிக்குப் போகும்போது அது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் விலகல். வாங்கியவர் இரண்டு வாரம் கழித்து, "வழிகாட்டத் தொங்கவிட்ட கயிற்றைப் பார்த்து நேராகத்தான் உதைக்கிறேன், உடம்பு திரும்பிக்கொண்டே போகிறது" என்றார். தன்னுடைய உதைதான் கோணல் என்று நினைத்துப் பயிற்சியாளரிடம் வேறு திட்டு வாங்கியிருக்கிறார். புதுப் பிளேடு கொடுத்தோம். அன்றிலிருந்து துளைக்கு முன்னால் நூல் பிடிக்காமல் ட்ரில்லைத் தொடுவதில்லை. குதிகாலின் நடுவிலிருந்து பிளேடு நுனியின் நடுவுக்கு ஒரு வெள்ளை நூல், கொத்தனார் பிடிப்பது போல.

இப்போது அந்த மூன்று நாள் கணக்குக்கு வருவோம்.

முதல் நாள் வெள்ளோட்டம். பாக்கெட்டை மட்டும், கை பொறுக்கிற சூட்டில் உள்ள வெந்நீரில் பத்து நிமிடம் போடுவோம். ரப்பர் இளகும். பிளேடை வெந்நீரில் போடுவதில்லை. கார்பன் இழைகளைப் பிடித்துவைத்திருப்பது எப்பாக்ஸி பிசின், அதற்குச் சூடு ஆகாது. பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பு நீரைப் பள்ளத்தில் விட்டு, இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி ஆட்டி உள்ளே தள்ளுவோம். ஒரு பக்கத்தை முழுசாகத் தள்ளிவிட்டு மறு பக்கத்துக்கு வந்தால் அங்கே முறுக்கிக்கொள்ளும். பிளேடின் அடிப்பகுதியில் காலுக்கு இடம்விட்டு ஒரு வளைவு வெட்டியிருப்பார்கள். அது ஒவ்வொரு பாக்கெட் மாடலுக்கும் ஒவ்வொரு மாதிரி. பாத்தோஸ் நிறுவனத்தின் பாக்கெட்டுக்கு வெட்டிய பிளேடு ஓமர் நிறுவனத்தின் பாக்கெட்டில் அப்படியே உட்காரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பாக்கெட்டைப் பார்க்காமல் பிளேடு அனுப்ப நாங்கள் தயங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான். சின்ன வித்தியாசம் என்றால் அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம், தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். தேய்த்த ஓரத்தில் எப்பாக்ஸி பூசி மூடவும் வேண்டும். கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது, தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். முகக்கவசம், கையுறை இல்லாமல் வீட்டில் இதைச் செய்யாதீர்கள், அதுவும் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.

உட்கார்ந்த பிறகு நூல் பிடித்துப் பார்ப்பது, அடையாளம் போடுவது. அப்புறம்தான் துளை. இதில் மட்டும் அவசரமே கூடாது. மாஸ்கிங் டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டி, பிளேடுக்கு அடியில் ஒரு மரத்துண்டை இறுக்கமாக வைப்போம். கார்பனில் ட்ரில் நுழைகிற பக்கம் சுத்தமாக இருக்கும், வெளியே வருகிற பக்கம்தான் பிய்த்துக்கொண்டு வரும். மரம் அந்தப் பக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். முதலில் 2 மில்லிமீட்டர் பிட், பிறகு தேவையான அளவு, மெதுவான வேகம். வேகம் கூடினால் சூடேறும், சூடேறினால் கருகிய பிசின் வாசனை வரும். அந்த வாசனை வந்துவிட்டால் ஏற்கெனவே தாமதம். நன்றாகப் போகும்போது கரித்தூள் மாதிரி மென்மையான பொடி விழும், செதில் செதிலாக வந்தால் பிட் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். செங்கல் சுவருக்குப் போடுகிற ஹேமர் ட்ரில்லைத் தயவுசெய்து கார்பன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

துளை போட்டவுடன் எல்லாவற்றையும் மறுபடி கழற்றிவிடுவோம். ஆம், கழற்றிவிடுவோம். சோப்பு இருக்கிற இடத்தில் பசை பிடிக்காது. கழுவி, ஒரு ராத்திரி முழுக்கக் காயவைத்தால்தான் பள்ளத்துக்குள் ஈரம் போகும். முதல் நாள் அங்கே முடிகிறது.

இரண்டாம் நாள் மறுபடி மாட்டும்போது சோப்புக்குப் பதில் ஸ்பிரிட். ஈரமாக இருக்கும்வரை வழுக்கும், சில நிமிடத்தில் ஆவியாகிவிடும், அதற்குப் பிறகு ரப்பர் பிளேடைக் கவ்விக்கொள்ளும். அந்தச் சில நிமிடத்துக்குள் மாட்டி முடிக்க வேண்டும், கை பழகினால் வந்துவிடும். திருகு 316 தரத் துருப்பிடிக்காத எஃகு, அகலமான வாஷரோடு. அலுமினியம் போடவே கூடாது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். உப்புத் தண்ணீரில் கார்பனும் அலுமினியமும் ஒட்டி இருந்தால் ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகி அலுமினியம் அரித்துப்போகும். இறுக்குவதும் அளவாகத்தான். வாஷர் கையால் சுற்ற முடியாத நிலை வந்ததும் ஒரு கால் சுற்று, அதோடு நிறுத்தம். திருகின் வேலை பிளேடு முன்னால் நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. பாரத்தைத் தாங்க வேண்டியது நரம்பு.

நரம்பின் கடைசி நாலைந்து சென்டிமீட்டரில் மட்டும் பாலியூரித்தேன் பசை. சின்ன மரக்குச்சியால் நரம்பை விலக்கி, உள்ளே மெல்லிசாக விட்டு, மேலே பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டிவைப்போம். நரம்பு முழுக்கப் பசை போடச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். பிளேடு வளையும்போது ரப்பர் அதன்மேல் கொஞ்சம் வழுக்கி நகர வேண்டும், அதைக் கட்டிப்போட்டால் பிளேடு விறைத்துவிடும், பாக்கெட் கிழிந்தால் மாற்றவும் முடியாது. இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். புதுச்சேரிக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? இருந்தாலும் ஒரு முழு நாள் விடுகிறோம். சில பாக்கெட்டுகளின் ரப்பர் எந்தப் பசையையும் ஏற்காது, அவற்றுக்கு நிறுவனமே தருகிற கிளிப்தான். மூன்றாம் நாள் மாலை டியூபை அவிழ்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளைத்துப் பார்த்துவிட்டுத் தருவோம்.

இனி உங்கள் காலைப் பற்றி. பாக்கெட் பெரிதாக இருந்தால் உதையில் பாதி ரப்பருக்குள்ளேயே வீணாகும், குதிகாலில் கொப்புளம் வரும். சிறிதாக இருந்தால் பத்தாவது நிமிடத்தில் உள்ளங்கால் இழுத்துக்கொள்ளும். மாலையில் வந்து போட்டுப் பாருங்கள், காலையில் இருப்பதைவிட அப்போது கால் கொஞ்சம் உப்பியிருக்கும். சாக்ஸ் போடுவீர்களா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் கடலில் வெறுங்காலோடு சரியாக இருக்கிற பாக்கெட், குளிர்காலத்தில் எகிப்தின் தஹாபுக்குப் போய் 3 மில்லிமீட்டர் சாக்ஸ் போட்டால் நுழையவே நுழையாது. ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் இதைக் கண்டுபிடித்த வாடிக்கையாளர் ஒருவர் உண்டு.

பிளேடின் விறைப்பு பற்றியும் ஒரு வார்த்தை. விறைப்பானது ஹார்டு, எளிதில் வளைவது சாஃப்ட். 2022-இல் பஹாமாஸின் டீன்ஸ் புளூ ஹோலில் பிரான்சின் அர்னோ ஜெரால் இரண்டு தனித்தனி ஃபின்களோடு ஒரே மூச்சில் 120 மீட்டர் ஆழம் போய் வந்தார். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு "எனக்கும் ஹார்டு" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். பதினைந்து, இருபது மீட்டர் போகிறவருக்கு ஹார்டு பிளேடு தொடை வலியைத் தவிர வேறெதையும் தராது. எங்களைக் கேட்டால், சந்தேகம் இருந்தால் சாஃப்ட். விலையும் ஒன்றுதான், இதில் எங்களுக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை.

வாங்கிப் போன பிறகு முதல் தடவை குளத்திலோ, கடலின் மேல்மட்டத்திலோ அரை மணி நேரம் உதைத்துப் பாருங்கள். மூன்று நாலு டைவுக்கு அப்புறம் திருகைத் தொட்டுப் பாருங்கள், ரப்பர் அமர்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். கழுவும்போது நரம்புப் பள்ளத்தில் மணல் இல்லாமல் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் வைக்காதீர்கள். மணலில் ஃபின்னோடு நடக்காதீர்கள், நுனியை ஊன்றிச் சுவரில் சாய்க்காதீர்கள். தனியாக முங்காதீர்கள் என்பது பிளேடுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், இருந்தாலும் எழுதிவிடுகிறோம்.

வெளியூர்க்காரர்கள் பாக்கெட்டைக் கூரியரில் அனுப்பும்போது உள்ளே செய்தித்தாளை உருட்டித் திணித்து அனுப்புங்கள், நசுங்கிய பாக்கெட்டில் அளவு சரியாக வராது. கூடவே ஒரு தாளில் கால் வைத்து, இரண்டு காலையும் சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்புங்கள். எடை, சாக்ஸின் தடிமன், எவ்வளவு ஆழம் போகிறீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதிவிட்டால் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய மாட்டோம். செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை, பசை போட்ட ஃபின்களை அன்றைக்குக் கேட்டு வராதீர்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து
புதுச்சேரி