வெயிலில் அடை வைக்கும்போது

அன்புள்ள கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

இரண்டு கோழிகள் ஒன்றாக முட்டைமேல் உட்கார அடைக்கு வந்துவிட்டன, இந்த வெயிலில் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஒன்றை வை, மற்றதை அடை மறக்கும்படி தெளிய வை. வயிற்றடியில் கையை விட்டாலும் எழாமல் இறகைச் சிலிர்த்து உறுமுகிறதே, அதுதான் கடைசிவரை உட்காரும்.

முதலில் முட்டை. சமையலறை அலமாரியில் சேர்த்தவை அடைக்கு ஆகாது. 27, 28 டிகிரியைத் தாண்டினாலே உள்ளே கரு வளரத் தொடங்கிவிடும், முழுதாக வளர அந்தச் சூடு போதாது. அரைகுறையாய் வளர்ந்து செத்துவிடும். கோழி சரியாக உட்காரவில்லை என்று அதன்மேல் பழி போடுவோம், முட்டையோ அடைக்கு முன்பே கெட்டிருக்கும். இனிமேல் மற்றக் கோழிகள் இடுவதைக் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் எடுத்துவிடு. வாயகன்ற மண்பானையில் பாதிவரை ஆற்றுமணல் கொட்டித் தண்ணீர் தெளித்து, மேலே துணி மடித்துப் போட்டு, கூர்முனை கீழாக வை. கழுவாதே. ஓட்டின் மேல்பூச்சு போனால் கிருமி உள்ளே இறங்கும். நான்கு நாளுக்கு மேற்பட்டது வேண்டாம். முட்டை சேரும்வரை அடைக்கோழி எழுந்துபோகாமலிருக்க, கரியால் கோடு போட்ட பழைய முட்டை ஒன்றை அடியில் விட்டுவை. சிறுவிடைக்கு, அதாவது சிறிய நாட்டுக்கோழிக்கு, ஒன்பது, பத்து முட்டை போதும்.

அடுத்தது இடம். இதில்தான் கருத்தாக இருக்க வேண்டும். முட்டைக்குத் தேவை 37.5 டிகிரிச் சூடு. கரூர்ப் பக்கத்து மதிய வெயில் அதையும் தாண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் இன்னும் கூடுதல். அங்கே வைத்தால் கோழி எழுந்தாலும் முட்டை ஆறாது, வேகும். வேப்பமரத்து நிழல் விழுகிற, இரண்டு பக்கமாவது காற்று வருகிற, ஓலை வேய்ந்த மூலையாகப் பார். அகன்ற மண்சட்டியில் நான்கு விரல் உயரம் மணல் பரப்பி, நடுவில் குழிவாக்கி, மேலே வைக்கோல் போடு. சட்டியைச் சுற்றியுள்ள தரையில் மட்டும் காலையும் மதியமும் தண்ணீர் தெளி, முட்டையில் படக்கூடாது. காற்று வறண்டால் உள்தோல் குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், திரும்ப முடியாமல் ஓட்டுக்குள்ளேயே சாகும்.

வைக்கோலுக்கடியில் வேப்பிலையும் சலித்த சாம்பலும் தூவு. வெயிலில் செள்ளுப்பூச்சி சீக்கிரம் பெருகும். நல்ல அடைக்கோழி பாதியில் இறங்கி ஓடினால் முதலில் வைக்கோலைப் புரட்டிச் செள்ளு இருக்கிறதா என்று பார். கரித்துண்டும் இரும்புத்துண்டும் போடச் சொல்வார்கள், போட்டால் கெடுதல் இல்லை.

மாலை இருட்டியபின் அடை வை. தினமும் காலை ஏழு மணிக்குள் இறக்கிவிட்டு, கம்போ சோளமோ ஒரு கைப்பிடி, பக்கத்தில் தண்ணீர், புரள மணலும் சாம்பலும் வை. எழாத கோழியைத் தூக்கும்போது இறக்கைக்குள் முட்டை சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பார். மதியம் வாயைத் திறந்து, தொண்டை படபடக்க, இறக்கையை விரித்து நின்றால் இடம் சூடு என்று அர்த்தம். ஈரச் சாக்கைக் காற்று வரும் பக்கம் கட்டு.

ஏழாம் நாள் இரவு முட்டையின் மழுங்கிய முனையில் டார்ச்சை வைத்துப் பார். நடுவே கறுப்புப் புள்ளியும் அதிலிருந்து சிலந்திக்கால் மாதிரி சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு உயிரோடிருக்கிறது. வெறும் மஞ்சள் வெளிச்சமானால் கரு கட்டவில்லை. சிவப்பு வளையம் மட்டுமென்றால் கரு செத்தது. இரண்டையும் எடுத்துவிடு, கிடந்து வெடித்தால் நல்ல முட்டையும் நாறும்.

தெளிய வைக்க வேண்டிய கோழியைத் தண்ணீரில் முக்காதே, மூக்கில் இறகு குத்தவும் விடாதே. அடியில் கம்பிவலை போட்ட கூண்டில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், நிழலில், தீனி தண்ணீரோடு மூன்று நான்கு நாள் விடு. வயிற்றடியில் காற்றுப்பட்டு அந்தச் சூடு தணிந்தால் தானாகத் தெளியும்.

19ஆம் நாளிலிருந்து கூட்டில் கை வைக்காதே. ஓட்டில் உளுந்தளவு விரிசலும் உள்ளே வெள்ளை மூக்குநுனியும் தெரிந்ததும் உரித்துவிடக் கை பரபரக்கும். வேண்டாம். அந்த நேரம் உள்தோல் நரம்பிலுள்ள ரத்தம் குஞ்சுக்குள் இழுபடும், மஞ்சள் கரு அதன் வயிற்றுக்குள் போகும். ஒரு நாள்கூட ஆகலாம். நீ உரித்தால் ரத்தம் கசிந்து செத்துவிடும்.

பொரித்த குஞ்சுக்கு முதல் நாள் தீனி இல்லாவிட்டாலும் தாங்கும். தண்ணீர்தான் முக்கியம், ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டு வை, இல்லையென்றால் விழுந்து நனையும். பிறகு அரிசி நொய், கம்பு நொய். பகலில் நிழலை விட்டு வெளியே விடாதே. பொரித்த ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கக் கண்ணில் ஒரு சொட்டு தடுப்பு மருந்து விடவேண்டும். கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டுவை. ஐஸ் போட்ட பிளாஸ்கில் எடுத்து வந்து, கலக்கியதும் வெயிலுக்கு முன் விட்டுவிடு, சூடு பட்ட மருந்தை விட்டும் பயனில்லை.

அடை வைத்த தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு எனக்கும் சொல்.

அன்புடன்,
அம்மா