கேட்ஸ்ஹெட்டிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. இதைப் போன கடிதத்திலேயே புலம்பிவிட்டேன், விடு.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தா இருக்கிறார். பக்கத்து ஊர்க் கால்பந்து அணியான நியூகாசில் யுனைடெட் என்றால் பைத்தியம். கறுப்பு வெள்ளை மஃப்ளரைத் தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டார். என்னை 'பெட்' (pet, வளர்ப்புப் பிராணி) என்றுதான் கூப்பிடுவார். முதல் வாரம் எனக்குக் கோபம், நான் என்ன நாயா பூனையா என்று. அப்புறம்தான் தெரிந்தது, இந்த ஊரில் அது நம் 'கண்ணு' மாதிரியாம்.

போன ஞாயிறு 'பியூர்லி பெல்டர்' என்று ஒரு படம் போட்டுக் காட்டினார். 2000-இல் வந்தது. ஜோனதன் டுல்லோக்கின் 'தி சீசன் டிக்கெட்' நாவலைத்தான் மார்க் ஹெர்மன் படமாக்கியிருக்கிறார். பெல்டர் என்றால் இங்கே 'செம'. ஜெரி, சியூவெல் என்று இரண்டு கேட்ஸ்ஹெட் பையன்கள். நியூகாசில் மேட்சுகளை சீசன் முழுக்கப் பார்க்கும் சீசன் டிக்கெட் வாங்கியே தீரவேண்டும், கையிலோ காலணா இல்லை. திருட்டு, பொய் என்று எல்லாம் செய்துபார்க்கிறார்கள். நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஜெரி வீட்டுக் கஷ்டம் வந்து தொண்டையை அடைக்கும். காமெடி என்று சொல்லி உட்காரவைத்தவரை முறைத்தேன்.

பள்ளிக்கு ஒழுங்காகப் போனால் மேட்ச் டிக்கெட் என்று ஜெரிக்கு ஆசை காட்டுகிறார்கள். அவனும் போகிறான். கடைசியில் கிடைப்பது சண்டர்லேண்ட் மைதானத்துக்கு டிக்கெட்! 12 மைல் தள்ளியிருக்கும் ஜென்மப் பகை ஊர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், தாத்தா சிரிக்கவில்லை. "பாவம், பிள்ளைகள்" என்றார். நியூகாசிலின் நட்சத்திர வீரர் ஆலன் ஷியரர் வந்துபோகும் காட்சியை மட்டும் இரண்டு தடவை போட்டார்.

எனக்குப் பிடித்தது வகுப்பறைக் காட்சிதான். அப்பாவோடு முதல் மேட்சுக்குப் போனதையும் அங்கே குடித்த டீயையும் ஜெரி சொல்வான். கோலைவிட அந்த டீதான் மனசில் நிற்கிறது. நம் அப்பா ரேடியோவைக் காதில் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் யாராவது பேசினால் கையை ஓங்குவாரே, அது ஞாபகம் வந்துவிட்டது.

1955-இல் நியூகாசில் எஃப்.ஏ. கோப்பை என்ற இங்கிலாந்தின் பெரிய கால்பந்துக் கோப்பையை வென்றபோது தாத்தாவுக்கு ஒன்பது வயதாம். அதற்கப்புறம் உள்நாட்டில் ஒரு பெரிய கோப்பைகூட இல்லை. 2025 மார்ச்சில் லிவர்பூலை 2-1 என்று தோற்கடித்து லீக் கோப்பை என்ற இன்னொரு உள்நாட்டுக் கோப்பையை வாங்கினார்கள். அன்று இரவு மாத்திரையைச் சாப்பிடவைக்க நான் பட்ட பாடு!

மைதானம் ஊர் நடுவே மேட்டில் இருக்கிறது. 52,000 பேர் உட்காரலாம், ஆனாலும் எங்களுக்கு டிக்கெட் கிடைக்காது. வருகிற சனிக்கிழமை மேட்ச் நேரத்தில் வீல்சேரில் வைத்து வெளியிலாவது கொண்டுபோய் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். சத்தத்தை வைத்தே கோல் யார் பக்கம் என்று சொல்லிவிடுவாராம்.

அனுப்பிய பணம் வந்ததா? எழுது.

உன் தங்கை